மசோதா எண் போட்டு ஒரு கடிதம்

நம் ஊரில் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுகிறவர் என்ன எழுதுவார் என்று நமக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னால் கால்வாய் அடைத்துக்கொண்டு நாறுகிறது. மகளுக்கு மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த அம்மாவின் சிவப்பு அடையாளக் கார்டு இன்னும் நீலமாகவில்லை. 'மாண்புமிகு அவர்கள் கருணை கூர்ந்து' என்று தொடங்கும் அந்தக் கடிதங்களை நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்காவிலும் இப்படி எழுதுகிறார்கள். ஓய்வூதியம் வரவில்லை, கடப்பிதழ் தாமதமாகிறது என்று அங்கேயும் குறைகள் உண்டு. அதோடு இன்னொரு வகைக் கடிதமும் அங்கே மூட்டை மூட்டையாகப் போகிறது. இன்னும் சட்டமாகாத ஒரு மசோதாவைப் பற்றிய கடிதம் அது. மேலே மசோதாவின் எண் இருக்கும். கீழே, 'இந்தப் பிரிவை எதிர்த்து வாக்களியுங்கள், இது நிறைவேறினால் எங்கள் வீட்டில் இன்னது நடக்கும்' என்று இருக்கும். எழுதுகிறவர் பள்ளி ஆசிரியராகவோ, ஆலைத் தொழிலாளியாகவோ, உடற்குறையுள்ள பிள்ளையின் தாயாகவோ இருப்பார். சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது இந்தக் கடிதங்களைப் பற்றித்தான். குறிப்பாக, கல்வியையும் தொழிலாளரையும் தொட்ட சட்டங்களுக்காக எழுதப்பட்டவை.

ஒரு விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன். காங்கிரஸ் என்றதும் நமக்கு ம.இ.கா.வோ இந்தியாவின் காங்கிரஸ் கட்சியோ நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நாடாளுமன்றத்தின் பெயர். செனட், மக்கள் பிரதிநிதிகள் சபை என்று அதற்கு இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 7 லட்சத்து 60 ஆயிரம் மக்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். வென்று வந்து நாற்காலியில் சாய்வதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். அதனால் தொகுதியிலிருந்து வரும் கடிதத்தைச் சட்டென்று குப்பையில் போட்டுவிட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாடாளுமன்றத்தில் அரசாங்கம் கொண்டுவரும் மசோதா ஏறக்குறைய அப்படியே நிறைவேறிவிடும். கட்சிக் கொறடா சொன்னபடி கை தூக்குவதுதான் இங்கே வழக்கம். அங்கே உறுப்பினர் தன் கட்சியை மீறி வாக்களிக்கலாம், வாக்களிக்கவும் செய்கிறார். மசோதா முதலில் ஒரு குழுவிடம் போகும். அங்கே வரி வரியாக வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், சில வேளைகளில் அப்படியே புதைத்தும் விடுவார்கள். மனம் மாற இடமிருப்பதால் கடிதத்துக்கும் வேலையிருக்கிறது.

அந்தக் குழுக்களில் ஒன்றின் பெயர் எனக்கு முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. 'கல்வி மற்றும் தொழிலாளர் குழு'. பள்ளிக்கூடமும் சம்பளமும் ஏன் ஒரே மேசையில்? உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1867-இல் அந்தக் குழுவை அமைத்தார்கள். 1883-இல் இரண்டாகப் பிரித்தார்கள். 1947-இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். அதன் பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றால் பெயரில் இருக்கும் 'தொழிலாளர்' என்ற சொல் போய்விடும், 'பணியாளர் வளம்' என்ற பொருளில் வேறு சொல் வந்து உட்காரும். ஜனநாயகக் கட்சி வென்றால் பழைய சொல் திரும்பும். 2007, 2011, 2019, 2023 என்று பலகை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. தொழிலாளர் என்ற சொல்லில் தொழிற்சங்க வாடை வீசுகிறதாம்! சிரிக்க வேண்டாம். சிங்கப்பூரில் தொழிலாளர் அமைச்சு 1998-இல் மனிதவள அமைச்சானது. மலேசியாவிலும் இன்று இருப்பது மனிதவள அமைச்சுதான்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், கல்வியும் தொழிலாளரும் ஒரே குழுவில் இருப்பதைப் பார்த்து வியக்கக் கூடாதவர்கள் நாம்தான். மலாயாவின் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் எந்தச் சட்டத்தால் வேரூன்றின? கல்விச் சட்டத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம்தான் 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. குடிதண்ணீர், லயம், ஆஸ்பத்திரி, அந்த வரிசையில் பள்ளிக்கூடம். கூலி நிலைத்து நிற்பதற்கான வசதிகளில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட பள்ளியில் ஆறாவது வரை படித்தவர்தான் பிற்பாடு துரைக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் மனு எழுதினார். நான் வளர்ந்த தோட்டத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஆசிரியர், கிராணி, கோயில் தலைவர். கிராணி நிர்வாகத்தின் ஆள். ஆகவே எண்ணிக்கை இரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரிந்தவன் குறைதான் மேலே போகும் என்பதை அங்கேயே பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கதையைப் படிக்கும்போது என் கண் போன இடமும் அதுதான்.

நியூ பெட்ஃபோர்டில் ஒரு காகிதம்

1936. அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறுதேர்தலுக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு என்ற ஆலை ஊரில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஓர் உறையை அவரிடம் நீட்டினாள். காவலர் அவளைப் பின்னுக்குத் தள்ளினார். ரூஸ்வெல்ட் தம் உதவியாளரிடம் அதை வாங்கி வரச் சொன்னார். தையல் ஆலை ஒன்றில் வேலை செய்கிறோம், சில மாதங்களுக்கு முன்பு வரை வாரத்துக்குக் குறைந்தது 11 டாலர் கிடைத்தது, இப்போது எங்கள் 200 பேருக்கும் நான்கு, ஐந்து, ஆறு டாலர் என்று வெட்டிவிட்டார்கள், ஏதாவது செய்யுங்கள் என்பதே அதில் இருந்த செய்தி. பின்னர் செய்தியாளர்களிடம் ரூஸ்வெல்ட் அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொன்னார். அதிபருக்கும் அதைத் தீர்த்துவைக்க அதிகாரமில்லை, மாநில ஆளுநருக்கும் இல்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

ஏன் இல்லை? அதே ஆண்டு ஜூனில், பெண்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியிருந்தது. குழந்தைத் தொழிலாளரைத் தடுக்கக் காங்கிரஸ் கொண்டுவந்த இரண்டு சட்டங்களையும் 1918-இலும் 1922-இலும் அதே நீதிமன்றம் தூக்கி எறிந்திருந்தது. 1937 மார்ச்சில்தான் நீதிபதிகள் திசை மாறினார்கள். உடனே மசோதா வந்தது. செனட்டில் ஹியூகோ பிளாக், பிரதிநிதிகள் சபையில் வில்லியம் கானரி என்ற இருவர் பெயரில். அடுத்த மாதமே கானரி இறந்துபோனார். தொழிலாளர் குழுவின் தலைமை நியூ ஜெர்சியைச் சேர்ந்த மேரி நார்ட்டன் அம்மையாரிடம் வந்தது.

இந்த ஹியூகோ பிளாக்கைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1935-இல் மின்சார நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு மசோதா வந்தபோது, பென்சில்வேனியாவைச் சேர்ந்த டிரிஸ்கால் என்ற உறுப்பினருக்கு வாரன் என்ற ஒரே ஊரிலிருந்து 816 தந்திகள் வந்து விழுந்தன. எல்லாம் மசோதாவுக்கு எதிராக. மனிதர் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். அனுப்பியவர்களின் பெயர்கள் அகர வரிசையின் தொடக்க எழுத்துகளிலேயே குவிந்திருந்தன. விசாரித்தால், பலர் தாங்கள் தந்தியே அடிக்கவில்லை என்றார்கள். ஊர்ப் பெயரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள்! நிறுவனங்கள் காசு கொடுத்து நடத்திய கூத்து இது என்று செனட் விசாரணையில் வெளிவந்தது. அந்த விசாரணைக் குழுவின் தலைவர்தான் பிளாக். மக்கள் பெயரில் எது வந்தாலும் மக்கள் குரல் ஆகிவிடாது என்பதை நேரில் பார்த்த மனிதர் அவர்.

சம்பள மசோதாவுக்கு வருவோம். சபையின் விதிமுறைக் குழு அதை வெளியே விடாமல் பூட்டி வைத்தது. தென் மாநில உறுப்பினர்களின் பிடி அது. அந்தப் பூட்டை உடைக்க ஒரு வழிதான் உண்டு: 218 உறுப்பினர் கையெழுத்திட்ட மனு. ஆமாம், அங்கே உறுப்பினர்களும் மனு எழுத வேண்டியிருந்தது. 1938 மே மாதத் தொடக்கத்தில் புளோரிடாவில் கிளாட் பெப்பர் என்ற செனட்டர், இந்தச் சட்டத்தை வெளிப்படையாக ஆதரித்து, தம் கட்சிக்குள் நடந்த தேர்தலில் வென்றார். தெற்கிலும் வாக்காளர்கள் இதை விரும்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. மே 6-ஆம் தேதி நண்பகலில் சபாநாயகர் மேசையில் மனு வைக்கப்பட்டது. 2 மணி 20 நிமிடத்தில் 218 கையெழுத்தும் விழுந்தது. இன்னும் கையெழுத்திட வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஜூன் 25-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட, அது சட்டமானது. மணிக்குக் குறைந்தது 25 சென்ட் சம்பளம், வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் ஊதியம், பெரும்பாலான தொழில்களில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேலையில்லை.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் வந்தது, தீபகற்பத்தில் 900 ரிங்கிட். நடுவே 75 ஆண்டுகள். மழை பெய்தால் சம்பளம் இல்லை, ரப்பர் விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும் என்று வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு அந்த 75 ஆண்டு என்பது மூன்று தலைமுறை.

ஆனால் 1938 சட்டத்தைக் கொண்டாடுகிறவர்கள் அதன் விலக்குப் பட்டியலையும் படிக்க வேண்டும். அந்தச் சட்டம் தொட்டது நாட்டின் உழைப்பாளர்களில் ஐந்தில் ஒரு பங்கு இருந்த தொழில்களை மட்டும்தான். வயலில் வேலை செய்தவர்கள் வெளியே. வீட்டு வேலை செய்தவர்களும் வெளியே. தெற்கில் இந்த இரண்டு வேலைகளையும் செய்தவர்களில் மிகப் பலர் கறுப்பின மக்கள். அவர்களைத் தேர்தல் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தியிருந்தன. வாக்கில்லாதவரின் கடிதத்துக்கு எந்த உறுப்பினர் பயப்படுவார்? அவர்களும் எழுதாமல் இல்லை. தங்கள் தொகுதிக்காரரை விட்டுவிட்டு ரூஸ்வெல்ட்டுக்கும், அவர் மனைவி எலினாருக்கும், தொழிலாளர் அமைச்சர் ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸுக்கும் எழுதினார்கள். சட்டத்தின் வரிகளை வெட்டி ஒட்டிய இடத்துக்கு அந்தக் கடிதங்கள் போய்ச் சேரவில்லை. வயல் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1966-இல் கிடைத்தது. வீட்டு வேலையாட்களுக்கு 1974-இல். வயல் தொழிலாளருக்குக் கூடுதல் நேர ஊதியம் தரும்படி மத்தியச் சட்டம் இன்றைக்கும் சொல்லவில்லை.

அவர்களைக் குறை சொல்லி நாம் நிமிர்ந்து உட்கார முடியாது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் 'வீட்டு வேலைக்காரர்' என்று இருந்த சொல் 2023 ஜனவரி முதல் 'வீட்டுப் பணியாளர்' ஆனது. மரியாதையான மாற்றம்தான். ஆனால் வேலை நேரம், ஓய்வு நாள், பிரசவ விடுப்பு பற்றிய பகுதிகள் இன்னும் அவர்களுக்குப் பொருந்தாது. சிங்கப்பூரின் வேலைச் சட்டத்திலும் அவர்கள் இல்லை. அங்கே அவர்களுக்குத் தனிச் சட்டம்.

கடிதம் போய்ச் சேரும் இடம்

ஒரு பிரதிநிதிக்கு நிரந்தர ஊழியர்கள் 18 பேருக்கு மேல் இருக்க முடியாது. தொகுதி அலுவலகமும் அதில் அடக்கம். வரும் கடிதங்களைப் பிரிப்பது பெரும்பாலும் இளம் பயிற்சி மாணவர்கள். அவர்கள் முதலில் தேடுவது அஞ்சல் குறியீட்டு எண்ணை. தொகுதிக்கு வெளியிலிருந்து வந்தால் பொதுவாகப் பதில் கிடையாது. உள்ளே என்றால் மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்று கணினியில் பதிவாகும். அந்த விஷயத்துக்கு ஏற்கெனவே எழுதி வைத்த பதில் ஒன்று கையெழுத்தோடு போகும். தங்கள் கருத்துக்கு நன்றி, மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது மனதில் வைத்துக்கொள்வேன் என்கிற ரகம். இந்தப் பதிலுக்கு உறுப்பினர் அஞ்சல்தலை ஒட்டுவதில்லை. அவர் கையெழுத்தே அஞ்சல்தலையாகச் செல்லும். மக்கள் அனுப்பும் கடிதத்துக்குத்தான் காசு.

எல்லாப் பதிலும் இப்படிச் சர்க்கரை தடவியதாக இருந்ததில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜான் மக்ரோர்ட்டி என்ற உறுப்பினரிடம், மலையில் மரம் நடுவதாகச் சொன்னீர்களே, இரண்டு மாதமாகியும் நடவில்லையே என்று ஒருவர் கேட்டு எழுதினார். உம்மைப் போன்ற கழுதையிடமிருந்து இப்படிக் கடிதம் வாங்குவதுதான் காங்கிரசில் இருப்பதன் கஷ்டம், இரண்டு எட்டு ஓடித் தாவி நேராக நரகத்துக்குப் போம் என்ற பொருளில் மக்ரோர்ட்டி பதில் போட்டார். பின்னாளில் அதிபரான ஜான் கென்னடி இதைத் தம் நூலில் எடுத்து எழுதியிருக்கிறார். மக்ரோர்ட்டி கலிபோர்னியாவின் அரசவைக் கவிஞரும்கூட. கவிஞருக்குப் பொறுமை குறைவு.

2001 அக்டோபரில் இரண்டு செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்த கடிதங்கள் போன பிறகு, காங்கிரசுக்கு வரும் அஞ்சலைக் கதிர்வீச்சு பாய்ச்சிச் சோதித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். காகிதம் மஞ்சளாகி, அப்பளம் போல் நொறுங்கும் நிலையில் போய்ச் சேரும். நாட்களும் ஆகும். வாக்கெடுப்பு நாளைக்கு என்றால் இன்றைக்குக் கடிதம் போடுவதில் பயனில்லை. மக்கள் தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சங்கங்கள் அச்சடித்துக் கொடுக்கும் ஒரே மாதிரி அட்டைகளுக்கு என்ன மதிப்பு? டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன் 1985-இல் தமக்கு வந்த அட்டைக் குவியலைப் பார்த்து, உண்மையான புல்லுக்கும் செயற்கைப் புல்லுக்கும் எங்கள் ஊர்க்காரனுக்கு வித்தியாசம் தெரியும் என்றார். அரசியல் அகராதியில் அந்தச் செயற்கைப் புல் நிலைத்துவிட்டது. என் கருத்தில் அட்டைகளை அவ்வளவு இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிற ஆலைத் தொழிலாளிக்கு நான்கு பக்கம் எழுத நேரமேது? சங்கம் கொடுத்த அட்டையில் கையெழுத்திடுவதும் அவர் எண்ணித்தான் இடுகிறார். ஆயினும் அலுவலக ஊழியர்களைக் கேட்ட ஆய்வுகள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: ஒருவர் தம் சொந்த நிலைமையைத் தம் வார்த்தையில் எழுதிய கடிதம், ஆயிரக்கணக்கில் வரும் நகல்களைவிட அதிகம் வேலை செய்கிறது.

பெற்றோர் எழுதியபோது

அப்படி வேலை செய்த கடிதங்களுக்குச் சான்று தேடினால் நான் காட்டுவது 1975-ஐ. அதுவரை அமெரிக்கப் பள்ளிகள் உடற்குறை அல்லது மனவளர்ச்சிக் குறை உள்ள பிள்ளையைப் பார்த்து, இவன் படிக்கத் தகுதியில்லாதவன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப முடிந்தது. சில மாநிலங்களில் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் வழக்குப் போட்டு 1972-இல் வென்றது. அதே காலத்தில் நாடு முழுவதும் பெற்றோர்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுதினார்கள், குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். கல்வி மற்றும் தொழிலாளர் குழுவின் ஒரு துணைக் குழுவுக்கு அப்போது தலைவர் இந்தியானாவைச் சேர்ந்த ஜான் பிராடமஸ். மசோதாவை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

நிறைவேறிய சட்டத்தின் முதல் பக்கத்தில் காங்கிரஸ் தானே ஒப்புக்கொண்ட கணக்கு இருக்கிறது. நாட்டில் உடற்குறையுள்ள பிள்ளைகள் 80 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தகுந்த கல்வி இல்லை. 10 லட்சம் பேருக்குப் பள்ளியே இல்லை. அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு 1975 நவம்பர் 29-இல் கையெழுத்திட்டார், கொடுக்க முடியாததை வாக்களிக்கிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே. பணத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது பலித்தது. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்றது சட்டம். அந்த 40-ஐ ஒருபோதும் எட்டவில்லை. வரவுசெலவுத் திட்டம் வரும் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர்கள் அதே 40-ஐக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் எழுதியவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல்.

இதற்கு நேர் எதிராக ஒரு வார காலத்தில் முடிந்த கதையும் உண்டு. 1994 பிப்ரவரி. எச்.ஆர். 6 என்ற பெரிய கல்வி மசோதாவில், ஆசிரியர்கள் தாங்கள் கற்பிக்கும் பாடத்தில் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு பிரிவைக் கலிபோர்னியாவின் ஜார்ஜ் மில்லர் குழுவில் சேர்த்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர்கள் அங்கே பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். இந்தப் பிரிவு நம்மையும் பிடிக்கும், சமையலறை மேசையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தாயும் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும் என்று அவர்களுடைய சங்கம் எச்சரித்தது. மில்லர் அந்த நோக்கமே இல்லை என்றார். யாரும் கேட்கவில்லை. லட்சக்கணக்கான அழைப்புகளில் காங்கிரசின் தொலைபேசிகள் நாள்கணக்கில் திணறின. தொலைநகல் கருவிகளில் தாள் தீர்ந்தது. பிப்ரவரி 24-இல் அந்தப் பிரிவை நீக்கச் சபை வாக்களித்தது. ஆதரவு 424, எதிர்ப்பு 1. அந்த ஒருவர் மில்லர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கடிதம் கட்டுவதைவிட இடிப்பதில் வேகமாக வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வாரம் போதும். வேண்டும் என்பதற்கு ஐம்பது ஆண்டு ஆனாலும் பாக்கி இருக்கிறது. யார் தொலைபேசியை எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு முகவரி இருக்கிறது, வாக்கு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. உடற்குறையுள்ள பிள்ளைகளால் எழுத முடியாவிட்டாலும் அவர்களுக்காக எழுதத் தெரிந்த பெற்றோர்கள் எல்லாத் தட்டிலும் இருந்தார்கள். செனட்டர் வீட்டிலும் அப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும்.

வட கரோலினாவின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எது இருக்கிறது? 1938 சட்டம் ஆலையிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றியது, வயலிலிருந்து வெளியேற்றவில்லை. பெற்றோர் சம்மதித்தால் 12 வயதில், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில், வயலில் கூலி வேலை செய்யலாம் என்பதே இன்றும் மத்தியச் சட்டம். சிகரெட் வாங்கும் வயது 21, புகையிலை பறிக்கும் வயது 12. ஈர இலையைத் தொட்டுப் பறிக்கும்போது தோல் வழியே நிகோட்டின் உடம்பில் ஏறுகிறது. வாந்தி, தலைசுற்றல், தலைவலி. 2014-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் நான்கு மாநிலங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சந்தித்து அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவர்கள் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அறுவடையைத் தொடர்ந்து மாநிலம் மாநிலமாக நகரும் குடும்பத்துக்கு அஞ்சல் குறியீட்டு எண்ணே நிலையாக இல்லை. பெற்றோரில் பலருக்கு வாக்கில்லை, சிலருக்கு நாட்டில் இருக்கும் அனுமதியே இல்லை. கடிதம் எழுதினால் கதவைத் தட்ட யார் வருவார்களோ என்ற பயம் வேறு.

2011-இல் தொழிலாளர் அமைச்சு, புகையிலை உட்பட ஆபத்தான விவசாய வேலைகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களை அமர்த்தத் தடை விதிக்க ஒரு விதி முன்மொழிந்தது. சொந்தப் பெற்றோரின் பண்ணையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு விலக்கு இருந்தது. ஆனாலும் எதிர்ப்பு எழுந்தது. ஆயிரக்கணக்கான கருத்துக் கடிதங்கள் வந்தன. விவசாய அமைப்புகளும் பண்ணைக் குடும்பங்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் எழுதினார்கள். மாமன் பண்ணையில், தாத்தா பண்ணையில் பிள்ளை மாடு பிடிக்கவும் கூடாதா, எங்கள் வாழ்க்கை முறையையே அழிக்கிறீர்களே என்றார்கள். அந்தக் கவலை போலி என்று நான் சொல்லமாட்டேன். சிறு பண்ணைக்காரருக்கு அது உண்மையான பயம். 2012 ஏப்ரல் 26-இல் அமைச்சு விதியைத் திரும்பப் பெற்றது. சிறு குடும்பப் பண்ணைகளைப் பற்றி வந்த ஆயிரக்கணக்கான கருத்துகளே காரணம் என்று தன் அறிவிப்பிலேயே சொன்னது.

வயலுக்கும் ஆலைக்கும் ஒரே வயது வரம்பு வைக்கும் மசோதா ஒன்றை, திராட்சையும் பருத்தியும் விளையும் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூசில் ராய்பல்-அல்லார்டு என்ற பெண் உறுப்பினர் பலமுறை கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அது போன இடம் அந்தப் பெயர் மாறும் குழுதான், கல்வியும் தொழிலாளரும் ஒன்றாக உட்காரும் மேசை. முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு அது ஒருமுறைகூட வரவில்லை.